அப்பாவின் பயிற்சி நேரம் ஏன் குறைந்தது? மெடிகேர் கணக்கும் பராமரிப்பு இல்லத்தின் கணக்கும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. இங்கே அமெரிக்காவில் 22 ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் குழறிவிட்டது. மருத்துவமனையில் ஆறு நாள் உள்நோயாளியாக இருந்த பிறகு, ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். இன்று 18ஆம் நாள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் மட்டும்தான் உண்டு. துணைக் காப்பீடு எடுக்கவில்லை. முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது ஒரு மணி நேரம்கூட இல்லை. அதிலும் பாதி நேரம் மூன்று நான்கு பேரோடு சேர்த்து உட்கார வைக்கிறார்கள். கேட்டால், “முன்னேற்றம் நின்றுவிட்டது, 30ஆம் நாள் வாக்கில் மெடிகேர் நிறுத்திவிடும்” என்கிறார்கள். நூறு நாள் நமது உரிமை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருபது நாளுக்குப் பிறகு இல்லத்துக்குப் பணம் வராது, அதனால்தான் அனுப்பப் பார்க்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? கைப்பணம் கட்டியாவது அப்பாவை அங்கேயே வைத்திருக்கலாமா?
(வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தால், இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது அப்பா 25ஆம் நாளைத் தாண்டியிருக்கக்கூடும். ஆகவே, நாள் கெடு உள்ள செய்தியை முதலில் சொல்லிவிட்டு, பணக் கணக்கைப் பிறகு விளக்குகிறேன்.

மெடிகேர் செலவில் நடக்கும் சிகிச்சையை நிறுத்துவதென்றால், கடைசி நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக இல்லம் உங்களிடம் எழுத்தில் ஓர் அறிவிப்பைத் தர வேண்டும். ஊழியர்கள் அதை ‘நோம்னிக்’ என்பார்கள். அதில் கையெழுத்திடுவது பெற்றுக்கொண்டதற்கு அடையாளமே தவிர, சம்மதத்துக்கு அடையாளம் அன்று; பலர் இதை அறியாமல் கையெழுத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணி மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அறிவிப்பிலேயே ஒரு தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லத்தைச் சாராத, மெடிகேரால் நியமிக்கப்பட்ட தர மேற்பார்வை அமைப்பின் எண். கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தால், வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்குள் அந்த எண்ணை அழைத்து, “நாங்கள் மேல்முறையீடு செய்கிறோம்” என்று சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. நீங்கள் அழைத்தவுடன், ஏன் நிறுத்துகிறோம் என்பதற்கான விரிவான விளக்கத்தை இல்லம் எழுதித் தந்தாக வேண்டும். ஆவணங்களையும் அந்த அமைப்புக்கு அனுப்பியாக வேண்டும். முடிவு பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் வந்துவிடும். தோற்றால், அறிவிப்பில் குறித்த நாளுக்குப் பிந்தைய ஓரிரு நாள் செலவு உங்கள் தலையில் விழலாம். இதில் உள்ள பண அபாயம் அவ்வளவுதான். நண்பகல் கெடுவைத் தவறவிட்டால் இந்த விரைவு வழியும் அதன் பாதுகாப்பும் கைநழுவிப் போகும்.

இனி உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். “மெடிகேர் நிறுத்திவிடும்” என்று அவர்கள் சொன்னது சரியான விவரம் அன்று. ஒரிஜினல் மெடிகேரில் இன்னார் சிகிச்சையை இன்ன தேதியில் நிறுத்து என்று வாஷிங்டனிலிருந்து யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. இல்லத்தின் மறுவாழ்வுப் பிரிவுத் தலைவர், செவிலியர், மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் வாரம் ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியாகப் பெயர் சொல்லி, “இவருக்கு இன்னும் தகுதி இருக்கிறதா?” என்று பேசித் தீர்மானிக்கிறார்கள். அந்த மேசையில் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு அங்கே கிடைப்பது இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டமாக இருந்தால்தான் காப்பீட்டு நிறுவனம் வெளியிலிருந்து முடிவெடுக்கும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் முடிவெடுப்பவர்கள் நீங்கள் நேரில் சந்தித்துப் பேசக்கூடிய மனிதர்கள். இது உங்களுக்குச் சாதகமான செய்தி.

நூறு நாள் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. பராமரிப்பு இல்லத்துக்கு இங்கே நர்சிங் ஹோம் என்று பெயர். ஊரில் அப்படிச் சொன்னால் சிறிய தனியார் மருத்துவமனை என்று பொருள். இங்கே அது முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும் இடமாகவும் இருக்கிறது, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சில வாரம் தங்கித் தேறும் இடமாகவும் இருக்கிறது. மெடிகேரின் மருத்துவமனைக் காப்பான ‘பகுதி ஏ’ பணம் தருவது இரண்டாவது பயனுக்கு மட்டுமே. மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்பா நிறைவேற்றிவிட்டார். அதன்பின், பயிற்சி பெற்ற செவிலியரோ சிகிச்சையாளரோ நாள்தோறும் செய்ய வேண்டிய தேவை தொடரும் வரையில் (சிகிச்சைப் பயிற்சி என்றால் வாரத்துக்கு ஐந்து நாள்) அதிகபட்சம் 100 நாள் வரை காப்பு நீடிக்கும். தேவை 30ஆம் நாளில் முடிந்தால் காப்பும் 30ஆம் நாளில் முடியும்.

இருபது நாள் கணக்கு வேறு. முதல் 20 நாளுக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 21ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள் வரை நாளொன்றுக்கு ஒரு தொகை உங்கள் பங்கு; 2025இல் அது 209.50 டாலராக இருந்தது. 80 நாளுக்கும் சேர்த்தால் 16,760 டாலர். துணைக் காப்பீடு இருந்திருந்தால் இதன் பெரும்பகுதியோ முழுவதுமோ அதில் போயிருக்கும். இல்லத்துக்கு 21ஆம் நாளிலிருந்து பணம் வராது என்பது உண்மையன்று. மெடிகேர் தரும் பகுதி தொடர்ந்து வரும், உங்களிடமிருந்து வரும் பகுதி அதோடு சேரும்.

ஆனாலும் அந்த வதந்திக்கு ஒரு வேர் உண்டு. அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 2019 செப்டம்பர் வரையில், இந்த இல்லங்களுக்கு மெடிகேர் கொடுத்த பணம் பெரிதும் சிகிச்சை நிமிடங்களைப் பொறுத்திருந்தது. ஏழு நாளில் 720 நிமிடம் தொட்டால் மிக உயர்ந்த படி, 500 தொட்டால் அடுத்த படி, 325 தொட்டால் அதற்கும் அடுத்தது என்று படிக்கட்டு இருந்தது. 719 நிமிடம் செய்தால் ஒரு படி கீழே. நான் அப்போது வேலை பார்த்த ஓர் இல்லத்தில், வாரக் கணக்கு முடியும் நாளின் மாலையில், 712 நிமிடத்தில் நின்றுபோன ஒரு பாட்டியை மீதி எட்டு நிமிடத்துக்காகத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காலை நீட்டி மடக்கச் சொன்னதைக் கண்டிருக்கிறேன். நாடு முழுவதும் நிமிடங்கள் 720ஐ ஒட்டியே வந்து குவிந்தன. தேவையற்ற சிகிச்சைக்குப் பணம் கோரியதாக அமெரிக்க அரசின் நீதித்துறை தொடுத்த வழக்குகளில், 2016இல் ஒரு பெரிய சங்கிலி நிறுவனம் 14.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

2019 அக்டோபர் 1ஆம் தேதி அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள முறைக்குப் பி.டி.பி.எம். என்று பெயர். இதில் நிமிடத்துக்கு விலை இல்லை. நோயாளிக்கே ஒரு நாள் விலை நிர்ணயிக்கிறார்கள். இயன்முறை சிகிச்சை, அன்றாடச் செயல்களுக்கான தொழில்வழிச் சிகிச்சை, பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை, செவிலியர் பணி, மருந்து முதலிய பிற செலவு என ஐந்து கூறுகளுக்கும் தனித்தனியாக மதிப்பிட்டு, கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்கு ஒரு நிலையான தொகையையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது நரம்பு சார்ந்த நோய் என்பது ஒரு கணக்கு. முதல் மூன்று நாளில் அவர் எந்த அளவு தானே உண்டார், எழுந்தார், நடந்தார் என்பது இன்னொரு கணக்கு. பேச்சுக் குழறலும் விழுங்கும் சிரமமும், உணவை மசித்துத் தர வேண்டியிருப்பதும் மூன்றாவது கணக்கு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இயன்முறை, தொழில்வழிக் கூறுகளில், எதுவுமே இயலாதவருக்கும் எல்லாம் தானே செய்பவருக்கும் தொகை குறைவு; இடைப்பட்ட நிலையில் இருப்பவருக்கே அதிகம், ஏனென்றால் பயிற்சியால் பயன் பெறக்கூடியவர் அவர்தான் என்பது அதன் தர்க்கம். சேர்ந்த சில நாளில் செய்யும் மதிப்பீட்டில் விழும் இந்த வகைப்பாடு, இல்லம் விரும்பி இடையில் மறுமதிப்பீடு செய்தாலன்றி, தங்கியிருக்கும் காலம் முழுவதற்கும் நிற்கும். அப்பாவின் நடை தேறினாலும் அதற்காகத் தொகை குறையாது.

நாள் கணக்கில் குறைபவை வேறு: மருந்து முதலிய பிற செலவுக் கூறு முதல் மூன்று நாளுக்குப் பின் மூன்றில் ஒரு பங்காகிவிடும்; இயன்முறை, தொழில்வழி ஆகிய இரு கூறுகள் 21ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு ஏழு நாளுக்கும் இரண்டு விழுக்காடு இறங்கும். நூறாம் நாளை ஒட்டி இவ்விரண்டும் முதல் நாள் தொகையில் 76 விழுக்காட்டில் வந்து நிற்கும். செவிலியர் கூறும் பேச்சுக் கூறும் இறங்குவதில்லை. நீங்கள் கேட்ட வதந்தியின் வேர் இதுதான்.

ஆக, பயிற்சியைக் குறைத்தால் இல்லத்துக்கு லாபமா என்று நீங்கள் நேராகக் கேட்டால், ஆம், என்பதுதான் நேர்மையான பதில். பழைய முறையில் தேவைக்கு மேல் செய்யத் தூண்டுதல் இருந்தது. புதிய முறையில் தேவைக்குக் கீழே செய்யத் தூண்டுதல் இருக்கிறது. நாள் தொகை மாறாதபோது சிகிச்சையாளரின் சம்பள மணி மட்டுமே மிச்சம் பிடிக்கக்கூடிய செலவு. புதிய முறை தொடங்கிய அந்த அக்டோபரிலேயே நாடு முழுவதும் பல சிகிச்சையாளர்கள் வேலை இழந்தார்கள். என் நண்பர்களும் அவர்களில் உண்டு. நோயாளிகளின் தேவை ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. இருந்தாலும், நிமிடக் குறைவு எல்லாமே பேராசையால் வந்தது என்று சொல்லவும் மாட்டேன். பக்கவாதம் வந்த பலர் இரண்டாவது வாரத்தில் களைத்துவிடுவார்கள். 40 நிமிடம் கவனமாகச் செய்வது, 75 நிமிடம் தூங்கி விழுந்துகொண்டு செய்வதைவிட மேல். எனவே, “ஏன் நிமிடம் குறைந்தது?” என்று மட்டும் கேட்டால் உங்களுக்கு ஒரு மழுப்பலான பதில் கிடைக்கும். “முதல் வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையில் அப்பாவின் நிலையில் என்ன மாறியது, அதற்கு மருத்துவக் காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?” என்று கேளுங்கள்.

குழுப் பயிற்சிக்கும் வரம்பு உண்டு. இரண்டு முதல் ஆறு பேர் வரை ஒரே வகைப் பயிற்சி செய்வது குழு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வெவ்வேறு பயிற்சி செய்வது இன்னொரு வகை. இவ்விரண்டும் சேர்ந்து, ஒவ்வொரு சிகிச்சைப் பிரிவிலும், தங்கும் காலம் முழுவதற்குமான நிமிடங்களில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இல்லம் அனுப்பும் ஆவணத்தில் எச்சரிக்கை விழுமே தவிர, பணம் பிடிக்கப்படாது. சட்டத்துக்குப் பல் குறைவு. ஆயினும் நீங்கள் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பேச்சின் தொனி மாறும். நீங்கள் பார்த்தது பாதி நேரம் குழுவில் என்றால், நாள்வாரியான சிகிச்சைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். நோயாளியோ அவருடைய சட்டப்படியான பிரதிநிதியோ கேட்டால், வேலை நாள் கணக்கில் 24 மணி நேரத்துக்குள் ஆவணங்களைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். நகல் வேண்டுமென்றால் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். இது கூட்டரசு விதி.

அந்தப் பதிவில் எதைத் தேட வேண்டும்? இரண்டு மாதிரிகள் தருகிறேன். “வாக்கருடன் 50 அடி நடந்தார். பயிற்சியை நன்கு தாங்கினார். திட்டம் தொடரும்.” இப்படிப் பத்து நாள் ஒரே வரி இருந்தால், அப்பாவோடு நடக்க ஓர் உதவியாளர் போதும் என்று மேல்முறையீட்டைப் பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். இன்னொரு விதம்: “மூன்றாவது அடியில் வலது முழங்கால் மடிகிறது. தொடைத் தசையைத் தட்டித் தூண்டி, எடையை வலப்பக்கம் ஏற்றக் கையால் வழிகாட்டிய பின், 12 அடியில் இரண்டு முறை மட்டுமே மடிந்தது. திரும்பும்போது சமநிலை தவறுகிறது. பிடிக்கும் இடமும் அழுத்தமும் ஒவ்வொரு அடிக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது.” முதல் மனிதரும் இரண்டாம் மனிதரும் ஒருவராகவே இருக்கலாம். நாள் முடிவில் ஏழு நோயாளிகளின் குறிப்பை இருபது நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டிய சிகிச்சையாளர் முதல் விதத்தில்தான் எழுதுவார். நானும் எழுதியிருக்கிறேன், பெருமைக்குரிய விஷயமில்லை. காப்பு நீடிப்பதும் முடிவதும் இந்த வரிகளில்தான் இருக்கிறது. பணிவாக, ஆனால் தெளிவாக, “அப்பா நடக்கும்போது உங்கள் கை செய்யும் வேலை என்னவென்று குறிப்பில் எழுதுங்கள்” என்று சிகிச்சையாளரிடம் சொல்லலாம். நல்லவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க விரும்புகிறேன்: அப்பாவோடு அங்கே யாராவது தமிழில் பேசுகிறார்களா? மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு, பின்னால் கற்ற ஆங்கிலம் அதிகமாகப் பழுதாகி, தாய்மொழி ஓரளவு மிஞ்சும். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. நடக்கும்போது அதைக் கண்டுகொள்வார் இல்லை. ஓர் அம்மாளின் கோப்பில் “கட்டளைகளைப் பின்பற்றுவதில்லை” என்று ஐந்து நாளாக எழுதியிருந்தார்கள். நான் அருகில் போய், “அம்மா, இந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்றேன். தூக்கினார். இருபத்திரண்டு ஆண்டு ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் என்பதால் உங்கள் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று சேர்க்கும்போது யாரோ குறித்திருக்கலாம். மதிப்பீட்டுப் படிவத்திலேயே விருப்ப மொழி எது, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கேள்வி இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லுங்கள். கூட்டரசுப் பணம் பெறும் இல்லம் மொழிபெயர்ப்பாளரைத் தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி வழியாகவாவது செய்வார்கள். சோதனை நேரத்தில் அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். பிள்ளைகள் கேள்வியோடு விடையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். “முன்னேற்றம் நின்றுவிட்டது” என்று சொல்லப்படும் பலருக்கு உண்மையில் நின்றது என்ன என்பதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு, காபி குடிக்குமுன், புரியாத மொழியில் ஒருவர் வந்து எழுப்பும்போது தலையை ஆட்டி மறுத்தால், அது “சிகிச்சையை மறுத்தார்” என்று பதிவாகும். மூன்று மறுப்புகள் அந்த வாராந்திர மேசையில் பெரிதாகப் பேசப்படும். அவருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று சொல்லி நேரத்தை மாற்றச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி அந்த “முன்னேற்றம் நின்றுவிட்டது” என்ற காரணம். அதை மட்டும் வைத்துக் காப்பை நிறுத்த முடியாது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கிளெண்டா ஜிம்மோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, நோயாளி மேம்படுவாரா என்பது அளவுகோல் அன்று. இருக்கும் நிலை சரியாமல் காக்கவோ சரிவைத் தாமதப்படுத்தவோகூடப் பயிற்சி பெற்ற ஒருவரின் திறமை தேவைப்பட்டால் காப்பு உண்டு. ‘ஜிம்மோ’ என்ற பெயரைக் கூட்டத்தில் சொல்லுங்கள். அறைக்குள் இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் இதிலும் எல்லை உண்டு. திறமை தேவையில்லாமல், யார் வேண்டுமானாலும் செய்து வைக்கக்கூடிய பயிற்சி என்றால் ஜிம்மோவும் உதவ மாட்டார். அதனால்தான் குறிப்புகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

கைப்பணம் கட்டித் தொடரலாமா என்ற கடைசிக் கேள்விக்கு என் கருத்து: அவசரப்பட வேண்டாம். பகுதி ஏ முடிந்தபின் அங்கேயே தங்கினால், அறை, உணவு, பராமரிப்புச் செலவு முழுவதும் உங்களுடையது. சிகிச்சை மட்டும், மருத்துவர், வெளிநோயாளி செலவுக்கான ‘பகுதி பி’யில் நடக்கும். அதில், முதலில் நீங்களே கட்ட வேண்டிய ஆண்டுக் கழிவுத் தொகைக்குப் பின் 80 விழுக்காட்டை மெடிகேர் தரும், 20 விழுக்காடு உங்கள் பங்கு. அங்கே நிமிடம் மறுபடியும் பணமாகிறது: எட்டு நிமிடம் முதல் 22 வரை ஓர் அலகு, 23 முதல் 37 வரை இரண்டு அலகு என்று பில் போடுவார்கள். முன்பு இருந்த ஆண்டு உச்சவரம்பு 2018இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு கோடு மட்டும் இருக்கிறது; 2025இல் அது இயன்முறைக்கும் பேச்சுக்கும் சேர்த்து 2,410 டாலர், தொழில்வழிச் சிகிச்சைக்குத் தனியாக 2,410 டாலர் என்று இருந்தது. அதைத் தாண்டினால் மருத்துவத் தேவை தொடர்கிறது என்று சிகிச்சையாளர் பில்லில் குறியிட வேண்டும், அவ்வளவே. “உங்கள் வரம்பு தீர்ந்துவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அறைக்குக் கட்டும் பணத்தில் வீட்டில் குளியலறைக் கைப்பிடியும் சாய்தளமும் போட்டு, ஓர் உதவியாளரையும் வைத்துக்கொள்ள முடியும். வீட்டை விட்டு வெளியேறுவது அவருக்குக் கடினமாக இருக்கும் வரையில், செவிலியரும் சிகிச்சையாளரும் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையை மெடிகேர் உங்களிடம் பங்குத் தொகை கேட்காமல் தருகிறது. வீட்டுக்குப் போனால் மீதி நாள்கள் வீணாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். உதாரணமாக 34 நாள் கணக்கில் கழிந்த பின் அப்பா வீடு திரும்பி, அடுத்த 30 நாளுக்குள் நிலை சரிந்து மீண்டும் நாள்தோறும் திறமையான சிகிச்சை தேவைப்பட்டால், புதிதாக மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டிய அவசியமின்றி, 35ஆம் நாளிலிருந்து அதே கணக்கில் அவர் திரும்பச் சேரலாம்; அந்த இல்லத்திலேயே சேர வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளை மேசை முடிவு செய்யுமுன் நீங்களே ஒரு தேதியைச் சொல்லி, அதற்கு முன் நீங்களும் உங்கள் வீட்டாரும் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக் கற்றுக்கொள்ள மூன்று பயிற்சி அமர்வுகள் வேண்டும் என்று கேளுங்கள். குடும்பத்தாருக்குக் கற்றுத் தருவதும் திறமையான சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மெடிகேர் கணக்கில் சேரும்.